ஆறிய புண்ணும் ஆறாத வலியும்

உடம்பில் ஊறு நேர்ந்தால் வலி பிறக்கும், ஊறு தீர்ந்தால் வலியும் தீரும் என்பது உலகோர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள எண்ணம். பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டும் அவ்வாறே கருதினார். கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் தொங்கும் மணி ஒலிப்பதுபோல, காலைச் சுட்ட நெருப்பின் செய்தி நரம்பின் வழியே மூளையை எட்டுகிறது என்று அவர் விளக்கிய நூல், அவர் மறைந்தபின் 1664-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. முந்நூறு ஆண்டுகள் மருத்துவம் பெரும்பாலும் இந்தக் கயிற்றையே பற்றிக்கொண்டிருந்தது. இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. புண் ஆறிப் பல திங்கள் கழிந்தும் வலிக்கிறது என்பவரை, கயிற்றை இழுப்பார் இல்லாதபோது மணி எவ்வாறு ஒலிக்கும் என்று கேட்டு, பொய்யர் என்றும் சோம்பர் என்றும் ஒதுக்க அது இடந்தந்தது.

இக்கருத்து முற்றும் பொருந்தாது என்பதற்குப் போர்க்களத்திலேயே சான்று கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பீச்சர், பெருங்காயம் பட்ட வீரருள் பலர் வலிக்கு மருந்து வேண்டாமலே இருந்ததைக் கண்டு 1946-இல் எழுதினார். 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் இருவர் புதிய கொள்கை ஒன்றை வெளியிட்டனர். தண்டுவடத்தில் வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு. உடம்பிலிருந்து வரும் செய்தியை அது சிலபோது தடுக்கும், சிலபோது தாராளமாகப் போகவிடும். மூளையும் மேலிருந்து அவ்வாயிலுக்குக் கட்டளையிடும் என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிடுவது ஏன் இதம் தருகிறது என்பதும் இதனால் விளங்கிற்று. அக்கொள்கையின் நுட்பங்கள் சில பின்னர்த் திருத்தம் பெற்றன, அடிப்படை நிலைத்துவிட்டது.

நாட்பட்ட வலிக்கு இதனினும் நெருங்கிய விளக்கம் 1983-இல் வந்தது. கிளிஃபர்டு உல்ஃப் என்பவர் எலிகளைக்கொண்டு ஆராய்ந்து, காயத்துக்குப் பின் தண்டுவடத்திலேயே மாறுதல் நேர்கிறது என்று காட்டினார். அதன் உள்ளியக்கம் பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. அங்குள்ள நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஒருவகை நுண்துளை உண்டு. வழக்கமாக அதனை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். வலிச்செய்தி கடுமையாகவும் இடைவிடாமலும் வந்தால் அவ்வடைப்பு நீங்கிக் கால்சியம் உட்புகும். அதன்பின் அந்த அணு சிறு தூண்டலுக்கும் பெரிதாக மறுமொழி தரும். மேலே துணி படுவதும் எரிச்சலாகும். நாம் ஒரு பாடத்தைக் கற்று நினைவில் இருத்துவதற்கு மூளை கையாளும் வழிகளுள் ஒன்றும் ஏறக்குறைய இதுவே என்பது வியப்புக்குரியது.

படத்தில் தெரியாத வலி இல்லாத வலியே எனக் கருதுவோர், 2015-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றை அறிந்துகொள்ளுதல் நன்று. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, முதுகெலும்புகளின் இடையிலுள்ள தட்டுகளின் தேய்மானம் இருபது வயதினருள் 37 விழுக்காட்டினர்க்கும், எண்பது வயதினருள் 96 விழுக்காட்டினர்க்கும் காணப்பட்டது. தேய்மானம் உடையார் எல்லாரும் வலியுடையார் அல்லர். ஆகவே படத்தைக் காட்டி அச்சுறுத்துவதும் தவறு; படத்தைக் காட்டி வலியை மறுப்பதும் தவறு. எலும்பு முறிவோ கட்டியோ உண்டா என அறியப் படம் வேண்டுவதே. அதனை யான் மறுக்கவில்லை.

வலியை உணர்த்துவது மூளை என்றவுடன், அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானே என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். இது முந்தைய பிழையினும் கொடியது. கண்டும் கேட்டும் அறிவதும் மூளையாலேதான். அவற்றைப் பிரமை என்பார் யார்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நாட்பட்ட முதுகுவலியுடைய 151 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2022-இல் அச்சாயிற்று. வலி என்பது முதுகின் கேட்டைக் குறிக்காமல், மூளையின் தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம் எனப் பயிற்றுவிக்கப்பட்டவர்களுள் 66 விழுக்காட்டினர், பயிற்சியின் முடிவில் வலி நீங்கியோ பெரும்பாலும் நீங்கியோ இருந்தனர். வழக்கமான சிகிச்சையோடு நின்றவர்களுள் அந்நிலை அடைந்தோர் 10 விழுக்காட்டினரே. இந்த ஒரு சோதனையைக்கொண்டு ஊர்தோறும் பறைசாற்ற இயலாது. ஆயினும் நரம்பு கற்றதை மறக்கச் செய்ய வழியுண்டு என்ற நம்பிக்கைக்கு இடமுண்டு.

தணிக்கை செய்பவன் என்ற முறையில், பற்றுச்சீட்டு இல்லாத செலவை நான் ஏற்பதில்லை. அது கணக்குக்குரிய விதி. குழித்தறியில் குனிந்தே ஆண்டுகளைக் கழித்த நெசவாளி முதுகைப் பிடித்துக்கொண்டு வரும்போது, அவரிடமும் பற்றுச்சீட்டுக் கேட்டல் முறையாகாது. மூன்று திங்களுக்கு மேல் நீடித்து வேலையைக் கெடுக்கும் வலியை, வேறு காரணம் காட்டவியலாதபோதும் தனி நோயாகக் கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் 2022 முதல் இடமளித்துள்ளது. உதவி விண்ணப்பங்களை ஆராயும் குழுவினர் மருத்துவரின் சான்றுரையைக் கேட்கட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்ற ஒரே காரணத்தால் தள்ளிவிட வேண்டா. நாட்பட்ட முதுகுவலிக்கு முழுப்படுக்கை ஆகாது, இயன்ற அளவு இயங்குவதே நன்று என்று மருத்துவர் கூறுவதால், இத்தகைய உறுப்பினர்க்குப் பாவை நெய்து முடிக்கக் கூடுதல் காலம் தருவதையும் நிர்வாகக் குழுக்கள் கருதிப்பார்க்கலாம்.