அந்தப் பையை யார் மாற்றுவது?

மே 12 வந்துவிட்டால் போதும், ‘வெள்ளுடை தேவதைகள்’ என்று வாழ்த்துகள் குவியும். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம், ஓய்வு வேண்டாம், அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தை எதிர்த்து 2017 நவம்பரில் ஒப்பந்த செவிலியர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்தபோது இந்த வாழ்த்துகளின் மதிப்பு தெரிந்துபோனது. அந்த ஊதியச் சுரண்டலோடு சேர்த்துப் பேச வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அறுவைசிகிச்சை வார்டில் யார் எதைத் தொடுகிறார்கள்? அதை யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்?

ஓர் உதாரணம் போதும். குடல் புற்றுநோய் அறுவையின்போது சிலருக்கு வயிற்றில் துளையிட்டு, குடலின் முனையை வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் கொலஸ்டமி. மலம் அந்தத் துளை வழியாக ஒரு பையில் சேரும். பையை மாற்றுவது எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். அறுவைக்கு முன்பே நோயாளியை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் துளை வர வேண்டிய இடத்தைக் குறிக்க வேண்டும். பாவாடை நாடாவோ வேட்டிக் கட்டோ அழுத்தும் இடமாக இருந்தால் பை ஒட்டி நிற்காது. பையின் ஒட்டுத் தட்டை, துளையைவிட ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்ட வேண்டும். கூடிப்போனால் மலம் பட்டுத் தோல் புண்ணாகும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். சிவந்து ஈரமாக இருக்க வேண்டிய குடல் முனை கறுத்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். அந்த நிமிடமே மருத்துவரை அழைக்க வேண்டும்.

வீடு திரும்பும் முன் நோயாளி இதைத் தன் கையாலேயே செய்யப் பழகியிருக்க வேண்டும். அவருக்கும் மாணவியருக்கும் புதிய செவிலியருக்கும் படுக்கையருகே நின்று கற்றுக்கொடுக்க வேண்டியவர் செவிலியப் போதகர்.

நடப்பது வேறு. ஆய்வுக்காக ஓர் அரசு மருத்துவமனையின் அறுவைசிகிச்சை வார்டுக்குப் பல மாதங்கள் போய்வந்தேன். பை நிறைந்ததும் கேட்கும் குரல் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆயாவைக் கூப்பிடு.” ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வருவார். கையுறை இருந்தால் போட்டுக்கொள்வார். அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. போதகர் வார்டுக்கு வரும் நாளில் மாணவியரின் நோட்டுகளில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுவார். மாணவியர் அங்கே கற்ற பாடம் தெளிவானது: படிக்கப் படிக்க உடம்பிலிருந்து விலகிப் போகலாம், கீழே இருப்பவர் தொட்டுக்கொள்வார்.

தனிமனிதரைத் திட்டிப் பயனில்லை. போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. முழு வார்டையும் ஒரே செவிலியர் சுமக்கிற இரவுகள் இங்கே சாதாரணம். ஆனால் ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆள் போதாதபோது கைவிடப்படும் வேலை எப்போதும் ஏன் ஒரே திசையில், ஒரே சமூகங்களின் பெண்களை நோக்கி வழிகிறது?

வரலாறு பதில் சொல்கிறது. மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தினர் கட்டி அறுத்தார்கள், புண் ஆற்றினார்கள். அச்சமூகப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். சாதி இந்து சமூகம் அவர்களைத் தாழ்த்தியே வைத்தது. 1836-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்தபோது அது சாதனை ஆனது. தலைமுறை தலைமுறையாகப் பிணத்தைத் தொட்டவர்களோ தீண்டப்படாதவர்களாகவே நீடித்தார்கள். கத்தி கல்லூரிக்குள் போனதும் கௌரவம் பெற்றது. பீங்கானும் மலப்பையும் வெளியே நின்றன. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே படிநிலையில் அடுக்குகிறது என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் காட்டியது நம் வார்டுகளில் இன்றும் நடமாடுகிறது.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: “கழிவைத் தொடும் வேலையிலிருந்து நம் மக்கள் வெளியேற வேண்டும் என்கிறோம். நீங்கள் அதற்குப் பயிற்சி கேட்கிறீர்களா?” நியாயமான கேள்வி. மலக்குழிக்குள் மனிதர் இறங்கவே கூடாது. அதற்கு எந்திரம் இருக்கிறது, 2013-இன் சட்டம் இருக்கிறது, அதை அமலாக்காத அரசுகளை எதிர்த்துப் போராடுகிறோம். ஆனால் நோயுற்ற உடலின் கழிவைச் சட்டம் போட்டுத் தடை செய்ய முடியாது. நமக்கும் நம் பெற்றோருக்கும் ஒருநாள் ஒரு கை தேவைப்படும். அது யாருடைய கை, என்ன அறிவோடு, என்ன ஊதியத்தோடு என்பதுதான் சாதி ஒழிப்பின் கேள்வி.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஒவ்வொரு அறுவைசிகிச்சை வார்டுக்கும் முழுநேரப் போதகர் பணியிடம் வேண்டும். மாணவியரின் மதிப்பெண் நோட்டுப் புத்தகத்துக்குக் கிடைக்காமல் படுக்கையருகே செய்யும் வேலைக்குக் கிடைக்க வேண்டும். பயிற்சி மருத்துவர்களும் அதே போதகரிடம் நின்று பை மாற்றக் கற்க வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி நிரந்தரம், தொற்றுத் தடுப்புப் பயிற்சி, விரும்பினால் செவிலியம் படிக்க அரசுச் செலவில் வழி ஆகியவை வேண்டும்.

கத்தியைப் போலவே மலப்பையும் கல்லூரிக்குள் போகட்டும். இந்த முறை, அதைச் சுமந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்த விடமாட்டோம்.