வெப்பமானி கைமாறிய கதை இன்னும் முடியவில்லை

1929. கத்தியவாரில், தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியர். பிரசவித்த அவர் மனைவிக்கு உடல்நிலை மோசமானது. இரண்டு ரூபாய் கட்டணம் பேசி வந்த டாக்டர் சேரிக்குள் நுழையவில்லை. நோயாளிதான் வெளியே கொண்டுவரப்பட்டார். டாக்டர் வெப்பமானியை ஒரு இசுலாமியரிடம் கொடுத்தார், அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். வந்த வழியே அது திரும்பிப் போனது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மருந்து வந்து சேர்ந்தது. அந்தத் தாய் இறந்துபோனார். 'யங் இந்தியா'வில் வந்த அந்த ஆசிரியரின் கடிதத்தை அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் பதிந்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், இந்தியாவின் முதல் தொலைமருத்துவம் இதுதான். கம்பியும் இல்லை, தொடுதலும் இல்லை.

போன வருடம் என் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. திரையில் ஒருவர் வந்தார். பாதத்தில் நாடி துடிக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க முடியும். நேரில் காட்ட வேண்டும் என்றேன். "இதுவே போதும்" என்று பதில் வந்தது. வெளியே வந்து அம்மா சொன்னார்: "அப்பல்லாம் மாத்திரைய மேலருந்து கையில போடுவாங்க. இப்ப அந்தக் கையும் இல்ல."

அந்த டாக்டர் சாதி பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருந்தாலும் அதை நிரூபிக்க எனக்கு வழியில்லை. பிரச்சினையே அதுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் மென்பொருள் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியாயின. கருவியின் பிழைக்குச் சட்டம் வந்தது. மனிதரின் அருவருப்புக்கு? வழிகாட்டுதலின்படி டாக்டர் எந்தக் கட்டத்திலும் ஆலோசனையை நிறுத்திக்கொள்ளலாம். பெயர், வயது, முகவரி கேட்டு அடையாளத்தை உறுதிசெய்யலாம். எங்கள் முகவரியில் 'காலனி' இருக்கிறது. சாதி தெரிய இன்னும் என்ன வேண்டும்?

தீண்டாமை பார்த்து மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். இரண்டுமே வாசலைக் காவல் காக்கும் சட்டங்கள். திரைக்கு ஏது வாசல்?

அதே வழிகாட்டுதலில் இன்னொன்றும் இருக்கிறது: நோயாளி நேரில் பார்க்கக் கேட்டால் தொலைமருத்துவத்தையே வற்புறுத்துவது ஒழுங்கீனம். இதை எந்தச் சுகாதார நிலையச் சுவரிலாவது பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? டாக்டர் நாற்காலி காலியாக இருக்கும்வரை இந்த உரிமை வெறும் காகிதம்.

கருவி வேண்டாம் என்று சொல்ல நான் பழமைவாதி அல்ல. டாக்டர் பணியிடங்களை நிரப்புங்கள். ஆலோசனையை இடையில் நிறுத்தும் டாக்டர் காரணத்தை எழுதிவைக்கட்டும்; அந்தக் கணக்கைச் சாதிவாரியாக வெளியிடுங்கள். முகவரியை டாக்டரின் திரையிலிருந்து எடுங்கள்.

திரை இருந்துவிட்டுப் போகட்டும். என் அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும்.