டைம்லைன் மூட்டிய சண்டை

மயிலாடுதுறையில் கடை வைத்திருக்கும் ஒருவர், 2020 மே மாதம் போலீஸில் ஒரு புகார் கொடுத்தார். புகார் கூகுள் மேப்ஸ் மீது! போகாத இடத்துக்கெல்லாம் அவர் போய்வந்ததாக அதன் ‘டைம்லைன்’ காட்டியதாம். அதைப் பார்த்துவிட்டு மனைவி கேள்வி மேல் கேள்வி கேட்க, வீட்டில் நிம்மதியே போய்விட்டதாம். நமக்குச் சிரிப்பு வரலாம். அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

போன் அப்படித் தப்பாகக் காட்டுமா? காட்டும். வெட்டவெளியில் ஜி.பி.எஸ். நன்றாகக் கிடைத்தால் சில மீட்டர்தான் வித்தியாசம் வரும். கட்டடத்துக்குள் போய்விட்டால், அக்கம்பக்கத்து வைஃபை, செல்போன் டவர் இவற்றை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போடும். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் கடைக்குள் துணி எடுத்துக்கொண்டிருப்பவரை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் கிராமத்துப் பக்கம் என்றால், கிலோமீட்டர் கணக்கில்கூடப் பிசகும். மேப்பில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியுமே, ‘இதற்குள் எங்கோ இருக்கிறார்’ என்று அதற்கு அர்த்தம். சண்டைக்கு நிற்பவர்கள் வட்டத்தை எங்கே பார்க்கிறார்கள்?

சரி, துல்லியமாகவே காட்டினாலும் தெரியாமல் பார்க்கலாமா? மனைவியின் செல்போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, விவாகரத்து வழக்கில் தாக்கல் செய்தார் ஒரு கணவர். புதுக்கோட்டை மாவட்ட வழக்குகளும் போகும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2024 அக்டோபரில் அதை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். ஆனால் 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டாலே அது உறவு முறிந்ததற்கு அடையாளம்தான் என்றும் சொன்னது. இதே உச்ச நீதிமன்றம்தான், ஜாமீனில் வந்தவர் எந்நேரமும் தன் இருப்பிடத்தை கூகுள் மேப்ஸ் வழியாக போலீஸுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை!

உங்களை யார் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘லொகேஷன் ஷேரிங்’ பகுதியைத் திறங்கள். தெரியாத பெயர் இருந்தால் நிறுத்துங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு வேறு யாருக்காவது தெரியும் என்றால், அதையும் மாற்றிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும் மகள், அதே பகுதியில் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தானாக ஷேர் செய்யலாம். பஸ் கீரனூரைத் தாண்டியது அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நேரம் முடிந்ததும் அதுவே நின்றுவிடும்.