திருத்தம் பட்டறையைச் சேர்ந்ததா?

சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்குச் சேலத்தினின்று செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று, இருபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட அடிவாரத்து வழி. மற்றொன்று, எம் குப்பனூர் வழி. பெருமழையில் முன்னதில் மண் சரிந்தால், வண்டிகளை எம்மூர் வழியே திருப்பிவிடுவர். அவ்வாறு திருப்பிவிடும் நாளில், ‘வழி மாற்றப்பட்டது’ என்று அலுவலகத்துக் குறிப்பேட்டில் எழுதினால் மட்டும் போதுமா? பழைய வழியின் வாயிலில் தடை வைக்க வேண்டாமா? தடை வையாவிடின், அறியாத வண்டிக்காரன் சரிந்த மண்ணை நோக்கியே ஏறுவான். அவன்மேல் குற்றம் உண்டோ?

இவ்வெளிய உண்மையை இன்று எஃகுக் கட்டடத் தொழிலில் பலர் மறந்துவிட்டனர் என்பதே யான் ஈண்டு எழுத வந்தது. தமிழாசிரியனுக்கு எஃகோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். வரைதாளும் ஒரு நூலே. அதைப் படிப்பவனும் ஒரு படிப்பாளியே. அவன் பிழைபடப் படித்தால் தேர்வில் மதிப்பெண் குறைவதில்லை, கூரை விழுகிறது.

சென்ற பொங்கலுக்கு, என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். கோவையில் கட்டட எஃகுறுப்புகளுக்கு வரைபடம் வரையும் பணியினர். மலைமேல் ஒரு தோட்டத்தில் காப்பிக்கொட்டை வைக்கும் கொட்டகைக்கு அவரே வரைதாள் வரைந்திருந்தார். முதல் தாள் பட்டறைக்குச் சென்றபின், வாயிலை அகலமாக்க வேண்டுமென்றார் தோட்டத்தார். தூண் ஒன்று நான்கு விரல் அளவு கிழக்கே நகர்ந்தது. கணினியில் திருத்தம் முடிந்தது. புதிய தாள் மின்னஞ்சலில் பட்டறை உரிமையாளருக்குப் போயிற்று. ஆனால், பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய தாள் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தே கொல்லர் கூரைச் சட்டகங்களை அறுத்தனர்; துளையிட்டனர்; வண்ணமும் பூசினர். வண்டியில் ஏற்றி மலைமேல் கொண்டுசேர்த்த பிறகே, ஒரு சட்டகத்தின் துளையும் தூணின் துளையும் ஒன்றோடொன்று சேராமை தெரிந்தது.

“வளிச்சுடரால் துளையைப் பெருக்கி மாட்டிவிடலாம்” என்றார் பற்றவைப்பாளர். மாணவர் மறுத்தார். ஆணி பற்றவேண்டிய இடத்தைச் சுடரால் தின்றுவிட்டால் பிறகு அந்த ஆணி எதைப் பற்றும்? சட்டகம் வந்த வழியே கீழிறங்கிற்று. நான்கு நாள் வேலை வீணாயிற்று. அந்நான்கு நாட் கூலியைத் தரவேண்டியவர் யார் என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. பட்டறைக்காரர் வரைந்தவரைச் சுட்டுகிறார். வரைந்தவர் பட்டறைக்காரரைச் சுட்டுகிறார். கூலி பெறாதவர் இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“ஐயா, தாளின் மூலையில் ‘திருத்தம் 2’ என்று இட்டுத்தான் அனுப்பினேன். என்மேல் என்ன பிழை?” என்றார் மாணவர்.

“தம்பி, அந்தத் தாளை அந்தப் பற்றவைப்பாளர் கண்டாரா?” என்றேன்.

“பிறகு காட்டினேன் ஐயா. மாறிய இடத்தைச் சுற்றி முகில்போல் வளைத்திருந்தேன். ‘அது அழகுக்குப் போட்டது என்றல்லவா நினைத்தேன்’ என்றார்.”

அவ்விடைதான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

மடிக்கணினியைத் திறந்து அவர் தம் தொழிலை எனக்கு விளக்கினார். பின்லாந்து நாட்டில் தோன்றி, 2011-இல் அமெரிக்க டிரிம்பிள் நிறுவனத்தின் உடைமையான ‘டெக்லா’ என்னும் மென்பொருள் அது. அதில் முதலில் கட்டடம் முழுமையும் முப்பருமானப் படிமமாக உருவாகிறது. வரைதாள்கள் அப்படிமத்தினின்று பிறக்கின்றன. தூணை நகர்த்தினால், அத்தூணைக் காட்டும் தாள்கள் பழையனவாயின என்பதை வரைதாட் பட்டியலே காட்டிக்கொடுக்கும். ஒரு தாளை எவரும் கைவைக்காதபடி பூட்டலாம். படிமம் மாறினும் தாள் தானே மாறாதபடி உறையச் செய்யலாம். ‘வெளியிடப்பட்டது’ என்று குறியிடலாம். வெளியிட்ட பின் எவரேனும் அதில் கைவைத்தால் அக்குறி மாறி எச்சரிக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண், நாள், செய்தவர், சரிபார்த்தவர், மாற்றத்தின் விளக்கம் ஆகியன எழுதக் கட்டங்கள் உண்டு.

வியப்புற்றேன். ஆயினும் ஒன்று கேட்டேன்: “இத்தனையும் உன் திரையில் தெரிகின்றன. பட்டறைச் சுவரில் ஒட்டிய தாளுக்கு இவற்றுள் எது தெரியும்?” அவர் விடை கூறவில்லை.

கணினி தன் எல்லைக்குள் உள்ளதையே ஆளும். அச்சாகி வெளியே போன தாள் அதன் ஆட்சிக்கு அப்பாற்பட்டது. அதைத் திரும்ப அழைக்க மாந்தனே செல்லவேண்டும்.

இஃது எம் மலைக்கொட்டகையோடு நிற்கும் சிறுபிழை அன்று. அமெரிக்காவின் கேன்சசு நகரில் அயாத்து இரீசென்சி என்னும் விடுதி 1980-இல் திறக்கப்பட்டது. அதன் பெருங்கூடத்தில் நடைபாலங்கள் மேலிருந்து கம்பிகளில் தொங்கின. நான்காம் மாடிப் பாலமும் அதன்கீழ் இரண்டாம் மாடிப் பாலமும் ஒரே நீண்ட கம்பியைத் தனித்தனியே பற்றி நிற்பதாகவே முதலில் வரையப்பட்டது. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது தொல்லை என்று, செய்முறையில் ஒரு கம்பி இரண்டாக்கப்பட்டது. மேற்கம்பி நான்காம் மாடிப் பாலத்தைத் தாங்கும். அப்பாலத்தினின்று தொங்கும் கீழ்க்கம்பி இரண்டாம் மாடிப் பாலத்தைத் தாங்கும். தாளில் பார்த்தால் மிகச் சிறு மாற்றம். ஆனால், ஒரே கயிற்றை இருவர் தனித்தனியே பற்றித் தொங்குவது வேறு. மேலிருப்பவன் காலைக் கீழிருப்பவன் பற்றித் தொங்குவது வேறு. மேற்பாலத்தின் மரைக்கு வந்த சுமை இருமடங்காயிற்று. மாறிய தாள்களில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. மாற்றத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர் இல்லை. 1981 சூலை 17 மாலை, கூடத்தில் ஆடல் நிகழ்ந்துகொண்டிருந்தபோது பாலங்கள் வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். முதல் வரைவே நகரின் கட்டட நெறி வேண்டிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்று பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். குறையுடைய மூலத்தின்மேல் ஆராயாத திருத்தம் ஏறிற்று.

கனடா நாட்டுக் கியூபெக்குப் பாலத்தின் செய்தி இன்னும் பழையது. 1600 அடியாக இருந்த நடு இடைவெளி 1800 அடியாகத் திருத்தப்பட்டது. ஆனால், பாலத்தின் தன்னெடைக் கணக்கு அதற்கேற்பத் திருத்தப்படவில்லை. கட்டும்போதே உறுப்புகள் வளையத் தொடங்கின. அறிவுரைப் பொறியாளர் தியோடர் கூப்பர், மேலும் சுமை ஏற்றற்க என்று தொலைவரிச் செய்தி விடுத்தார். எங்கே? பாலம் கட்டும் இடத்துக்கு அன்று. பென்சில்வேனியாவில் இருந்த நிறுவன அலுவலகத்துக்கு. களத்தில் வேலை நிற்கவில்லை. 1907 ஆகத்து 29 அன்று பாலம் ஆற்றில் வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர்.

இரு நிகழ்வுகளும் கற்பிப்பன இரண்டு. ஒன்று, வரைவு மாறினால் அதைத் தாங்கும் கணக்கும் மாறவேண்டும். மற்றொன்று, திருத்தம் அலுவலகத்தைச் சேர்வதால் பயனில்லை; கருவி பிடிக்கும் கையைச் சேரவேண்டும்.

தமிழ் கற்றோர்க்கு இஃது எளிதில் விளங்கும். 1887-இல் சி.வை. தாமோதரனார் கலித்தொகையையும் உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தனர். ஏட்டுக்கு ஏடு எழுத்து வேறுபடும் இடர்ப்பாட்டை அவர்கள் அறிந்ததுபோல் அறிந்தவர் யார்? எடுத்தெழுதுவோன் ஓரெழுத்தை மாற்றினால், அவன் ஏட்டைப் பார்த்தெழுதும் அனைவரும் அப்பிழையைச் சுமப்பர். ஆயினும் புலவர் தொழிலுக்கும் கொல்லர் தொழிலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் வேறு பாடங்களை அடிக்குறிப்பில் போற்றிக் காக்கிறோம். எது மூலம் என்று ஐயுறும் இடத்தில் ஒவ்வோர் ஏடும் ஒரு சான்று. பட்டறையிலோ ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான் உயிரோடிருத்தல் வேண்டும். பழைய பாடத்துக்கு அலுவலகப் பேழையில் இடமுண்டு. பட்டறைச் சுவரில் இடமில்லை. உலகத் தரநெறியாக 1987-இல் முதன்முதல் வெளிவந்த ஐ.எசு.ஓ. 9001 வேண்டுவதும் இதுவே: வழக்கொழிந்த ஆவணம் தவறிப் பயன்படாதவாறு தடுத்தல் வேண்டும்.

எனவே, வரைவாளராய் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஐந்து நெறிகளைக் கூறுகிறேன். இவை அம்மாணவரோடு ஒருநாள் முழுதும் எண்ணி வகுத்தவை.

முதலாவது, ‘ரிவிசன்’ என்று கூறிப் பழகிய சொல்லைத் திருத்தநிலை என்று வழங்குவோம். ஒவ்வொரு தாளும் தன் திருத்தநிலை எண்ணைப் பெரிதாக, எட்ட நின்று படிக்குமாறு காட்டட்டும். அமெரிக்கப் பணிகளில், ஒப்புதலுக்கு அனுப்பும் தாளுக்கு எழுத்தும் செய்வதற்கு விடும் தாளுக்கு எண்ணும் இடுவது பெருவழக்கு. அவ்வேறுபாட்டைப் பட்டறையார்க்குச் சொல்லிக்கொடுங்கள். எழுத்திட்ட தாளைக் கொண்டு எவரும் எஃகை அறுக்கலாகாது.

இரண்டாவது, மாறிய இடத்தைச் சுற்றி இடும் வளையத்துக்கு முகில்வளையம் என்று பெயரிடுவோம். அது காட்டும் பொருளைத் தாளிலேயே ஒருவரியில் எழுதுங்கள்: ‘முகில்வளையத்துள் இருப்பது மாறியது.’ அடுத்த திருத்தத்தில் பழைய வளையங்களை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் வளைத்த தாள் எதையும் காட்டாது.

மூன்றாவது, விளக்கக் கட்டத்தில் ‘திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதுவது ஒன்றும் எழுதாமைக்கு ஒப்பாகும். இவ்வாறு எழுதுங்கள்: ‘திருத்தம் 2. தூண் 4 கிழக்கே 75 மி.மீ. நகர்ந்தது. கூரைச் சட்டகம் 3-இன் துளைகள் இடம் மாறின. திருத்தம் 1 தாளைத் திருப்பித் தருக.’ இதைப் படித்தபின் அப்பற்றவைப்பாளர் முகிலை அழகென்று கருதுவாரா?

நான்காவது, புதிய தாளைக் கொடுக்கும்போதே பழைய தாளைக் கையில் வாங்குங்கள். வாங்கிய தாளில் ‘நீக்கப்பட்டது’ என்று குறுக்கே எழுதுங்கள். யாரிடம் எத்தனை படிகள் உள்ளன என்பதற்கு ஓர் ஏடு வையுங்கள். மின்னஞ்சல் அனுப்பியது கொடுத்ததற்குச் சான்றாகலாம், பெற்றதற்குச் சான்றாகாது.

ஐந்தாவது, ஒவ்வொரு வெளியீட்டின் முழுவடிவத்தையும் தனிக்கோப்பாகக் காத்துவையுங்கள். திருத்தப் பட்டியலில் வரி எழுதுவதாலேயே பழைய வரைவு காக்கப்பட்டுவிடாது. நாளை வழக்கு வந்தால், அன்று எது விடுக்கப்பட்டது என்று காட்ட அதுவே சான்று. கூலி இழந்தவர்க்கும் அதுவே துணை.

‘தொழில்மொழி ஆங்கிலமாயிற்றே, தமிழில் வேறு எழுதினால் இரண்டும் முரண்பட்டு மேலும் குழப்பம் விளையாதா?’ என்று சிலர் கேட்பர். நேரிய கேள்வி. மாறுகொளக் கூறல் நூற்குற்றம் என்று நம் இலக்கணமே கூறும். ஆகவே அளவுகளை வரைபடத்தில் மட்டும் எழுதி, தமிழ்க்குறிப்பில் மாற்றத்தை மட்டும் கூறலாம்; அங்கு அளவு வேண்டின் சரிபார்ப்பவர் இரண்டையும் ஒப்புநோக்கிக் கையொப்பமிடட்டும். ‘மென்பொருளில் தமிழெழுத்துச் சிதைகிறதே’ என்பர் வேறு சிலர். சிதையுமாயின், தனித்தாளில் தெளிவாக எழுதி வரைதாளோடு தைத்துக் கொடுங்கள். வெளிநாட்டுப் பட்டறைக்குச் செல்லும் தாளில் அந்நாட்டார் மொழி இருக்கட்டும். திருச்சியிலும் சேலத்திலும் கோவையிலும் எஃகறுக்கும் தமிழன் கைக்கு வரும் தாளில் தமிழ் இருக்கட்டும். இது மொழிப்பற்றால் மட்டும் கேட்பதன்று; கூலிக்காகவும் உயிருக்காகவும் கேட்பது.

அம்மாணவர் விடைபெறும்போது, “அடுத்த தாளிலிருந்து தமிழில் எழுதுகிறேன் ஐயா” என்றார். “எழுது தம்பி. ஆனால் எழுதியதோடு நில்லாதே, பட்டறைக்கு நேரில் போய்ப் பழைய தாளைச் சுவரிலிருந்து உன் கையாலேயே எடு” என்றேன்.

அவர் ஏறிய பேருந்து சேலம் நோக்கிப் புறப்பட்டது. பள்ளிக்குத் திரும்பினேன். என் மேசைமேல் இவ்வாண்டின் புதிய தேர்வுக் காலப்பட்டி இருந்தது; அறிவிப்புப் பலகையிலோ பழையது தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்த பிறகே அமர்ந்தேன்.