ரீட்ரை பட்டனை விடுங்க பாஸ்!

‘எஸ்.க்யூ.எல். சர்வருக்கு வர்ற செக்யூரிட்டி அப்டேட் என் லேப்டாப்பில் ஏறவே மாட்டேங்குது. பாதி ஓடி ஃபெயில்டுன்னு வருது. ரீஸ்டார்ட் பண்ணினா மறுபடி முதல்லேர்ந்து அதே கதை. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. பேசாம ஃபார்மட் அடிச்சிடலாமா?’ - சேலையூரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் ஃபைனல் இயர் நண்பர் ஒருவரின் கேள்வி இது.

அவசரப்படாதீங்க நண்பரே! ஃபார்மட் என்பது கடைசி ஆயுதம். பீச் ஸ்டேஷன் போகிற ட்ரெயின் சானடோரியம் தாண்டி சிக்னலில் நிற்கிறது. நீங்கள் இன்னொரு டிக்கெட் எடுத்தால் ட்ரெயின் நகருமா? ரீட்ரை பட்டனை அழுத்துவதும் அப்படித்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகிற அப்டேட், ஏன் நிற்கிறேன் என்பதை ஒவ்வொரு தடவையும் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. நாம்தான் படிப்பதில்லை.

முதலில் பேக்கப்

மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் உங்கள் டேட்டாபேஸ் மீது ரைட் க்ளிக் செய்து, டாஸ்க்ஸ், பேக்கப் என்று போங்கள். வருகிற ஃபைலை அதே லேப்டாப்பில் விட்டுவைக்காமல் பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போடுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரை அன்இன்ஸ்டால் செய்தாலும் உங்கள் டேட்டா ஃபைல்கள் பொதுவாக அப்படியே இருக்கும். ஆனால் ‘சுத்தமா எடுத்துடலாம் மச்சி’ என்று மிச்சமிருக்கிற ஃபோல்டரைக் கையாலேயே டெலீட் செய்கிறார்களே, அங்கேதான் ஒரு செமஸ்டர் உழைப்பு காணாமல் போகிறது.

அடுத்து, விண்டோஸ் அப்டேட்டை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அது ஒரு எரர் எண்ணை மட்டும் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஃபெயில் ஆன அப்டேட்டின் கே.பி. எண்ணைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்கில் தேடி டவுன்லோடு செய்யுங்கள். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை மூடிவிட்டு, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ரைட் க்ளிக்கில் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் பாக்கி இருந்ததால் மட்டுமே நின்ற அப்டேட் என்றால் இதிலேயே சரியாகிவிடும். கரன்ட் போகிற ஏரியாவா? சார்ஜரை மாட்டிவிட்டு பேட்டரியும் ஃபுல்லாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதியில் அணைந்த இன்ஸ்டாலேஷன் அடுத்த தலைவலி.

லாக் எங்கே இருக்கு?

அப்படியும் ஃபெயில் ஆனால், புரோகிராம் ஃபைல்ஸில் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் ஃபோல்டரைத் திறங்கள். உள்ளே எண்களில் ஃபோல்டர் இருக்கும். 2017 வெர்ஷனுக்கு 140, 2019-க்கு 150, 2022-க்கு 160. அதற்குள் செட்டப் பூட்ஸ்ட்ராப், அதற்குள் லாக். அங்கே ‘சம்மரி’ என்ற டெக்ஸ்ட் ஃபைலில் கடைசி முயற்சியின் கதை சுருக்கமாக இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் தேதி, நேரத்தோடு ஒரு தனி ஃபோல்டரும் இருக்கும். அதிலுள்ள லாக் ஃபைல்களில் ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடுங்கள். அந்த வரிக்குச் சற்று மேலேதான் உண்மையான காரணம் இருக்கும்.

அடிக்கடி மாட்டுகிற குற்றவாளிகள் மூன்று பேர்.

ஒன்று, காணாமல் போன இன்ஸ்டாலர் ஃபைல். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அப்டேட் ஏறும்போது பழைய இன்ஸ்டாலேஷன் ஃபைல்களை அங்கேதான் தேடும். சி டிரைவ் நிறைஞ்சிடுச்சு என்று யாரோ அதைக் காலி செய்திருந்தால், எரர் 1612 வரும். ‘இன்ஸ்டால் செய்த சோர்ஸ் கிடைக்கவில்லை’ என்று அர்த்தம். பத்து தடவை இல்லை, நூறு தடவை ரீட்ரை அழுத்தினாலும் அந்த ஃபைல் திரும்பி வராது. நீங்கள் முதலில் இன்ஸ்டால் செய்த அதே வெர்ஷன், அதே எடிஷன் செட்டப்பை எடுத்து, மெயின்டனன்ஸ் பகுதியில் ரிப்பேர் கொடுங்கள். பிறகு அப்டேட்டை ஓட்டுங்கள்.

இரண்டு, இல்லாத ஃபோல்டர். இன்ஸ்டால் செய்யும்போது டேட்டாவுக்கு டி டிரைவில் ஒரு ஃபோல்டர் கொடுத்துவிட்டு, பிறகு அதன் பெயரை மாற்றியிருப்பீர்கள். அப்டேட் ஃபைல்கள் எல்லாம் ஏறிவிடும். ஆனால் சர்வீஸ் திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே சில ஸ்க்ரிப்ட்கள் ஓடும். அவை அந்த ஃபோல்டரைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும். சர்வர் எரர் லாக்கில் 912, கூடவே 3417 என்ற எண்கள் தெரியும். எந்தப் பாதையைத் தேடியது என்பதும் அதே இடத்தில் இருக்கும். அந்தப் பெயரிலேயே ஃபோல்டரை உருவாக்கி, சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு அதில் எழுதும் அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது.

மூன்று, புது லேப்டாப் ஆசாமி. விண்டோஸ் 11-ல், சில எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் தங்கள் செக்டர் அளவை 4 கே.பி.க்கு மேல் காட்டுகின்றன. எஸ்.க்யூ.எல். சர்வருக்கு 512 பைட், 4 கே.பி. இரண்டும்தான் ஒத்துவரும். விளைவு, சர்வீஸே ஸ்டார்ட் ஆகாது. எரர் லாக்கில் ‘மிஸ்அலைன்டு’ என்ற வார்த்தையைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றத்தை வெளியிட்டிருக்கிறது. அதை அப்படியே செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். இதற்கு ஃபார்மட் அடித்துப் பிரயோஜனமில்லை. திரும்ப அதே டிஸ்க்தானே!

சீனியர் கொடுத்த 2008 சிடியில் ப்ராஜெக்ட் செய்பவர்களா நீங்கள்? அதற்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2019 ஜூலையோடும், 2014 வெர்ஷனுக்கு 2024 ஜூலையோடும் முடிந்துவிட்டது. பேக்கப் எடுத்து, புது வெர்ஷனில் ரீஸ்டோர் செய்வதுதான் நல்லது.

‘ஏறலைன்னா விட்டுடலாமே?’

2003 ஜனவரி 25, சனிக்கிழமை, நம்ம நேரப்படி காலை சுமார் 11 மணி. ‘ஸ்லாமர்’ என்ற வார்ம் கிளம்பியது. மொத்த அளவே 376 பைட்தான், மூன்று எஸ்.எம்.எஸ்.ஸில் அடக்கிவிடலாம். ஆரம்பத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரண்டு மடங்கானது. மாட்டக்கூடிய கம்ப்யூட்டர்களில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. எப்படியும் 75,000 மெஷின்கள். தென்கொரியாவில் இன்டர்நெட் மணிக்கணக்கில் படுத்தது. அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் பணம் தர மறுத்தன. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நெட்வொர்க்கும் தப்பவில்லை.

வார்ம் நுழைந்த ஓட்டை எஸ்.க்யூ.எல். சர்வர் 2000-ல் இருந்தது. அதை அடைக்கிற அப்டேட் 2002 ஜூலையிலேயே, ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது! பிறகு ஏன் போடவில்லை? அந்த அப்டேட் இரண்டு க்ளிக்கில் ஏறுகிற ரகம் இல்லை. சர்வீஸை நிறுத்தி, ஃபைல்களைக் கையால் மாற்ற வேண்டும். இன்னும் பலருக்கு, வேறு சாஃப்ட்வேரோடு சேர்ந்து எம்.எஸ்.டி.இ. என்ற குட்டி எஸ்.க்யூ.எல். சர்வர் தங்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பதே தெரியாது.

பயப்பட வேண்டாம், உங்கள் லேப்டாப்பிலுள்ள எக்ஸ்பிரஸ் எடிஷனில் வெளியிலிருந்து வரும் டி.சி.பி. வழி ஆரம்பத்திலேயே மூடித்தான் இருக்கும். ஆனால் ப்ராஜெக்ட் டெமோவுக்காக அதைத் திறந்து, ஃபயர்வாலையும் அணைத்துவிட்டு, ஹாஸ்டல் வைஃபையில் மாசக்கணக்கில் உலா வருகிறவர்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்களுக்கு இந்த அப்டேட் ரொம்பவே அவசியம். டெமோ முடிந்ததும் வழியையும் மூடிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். நாளைக்கு மெப்ஸிலோ ஓ.எம்.ஆரிலோ புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலைக்குப் போனால், ராத்திரி ரெண்டு மணிக்கு இதே பிரச்னை வேறு ஒருவருடைய சர்வரில் வரும். அங்கே ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’ என்று சொல்ல முடியாது. டீம் லீடர் கேட்கிற முதல் கேள்வி, ‘லாக்ல என்ன இருக்கு?’ என்பதுதான். அதற்கான ப்ராக்டிஸ் உங்கள் லேப்டாப்பிலேயே இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

சேலையூர் நண்பரே, இன்றைக்கே பேக்கப் எடுத்துவிட்டு சம்மரி ஃபைலைத் திறங்கள். மேலே சொன்ன மூன்றில் எதுவும் இல்லையென்றால், ஃபெயில் ஆன அந்த வரியை அப்படியே காப்பி செய்து எழுதுங்கள். ‘அப்டேட் ஏறலை’ என்று மட்டும் எழுதினால் போதாது, அந்த வரி வேண்டும்!