ஐயாயிரம் ரூபாயும் இரண்டு காதுகளும்

முனைவர் பட்ட ஆய்வில் அண்மையில் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "அண்ணா, ஐயாயிரம் ரூபாய்க்குள் நல்ல ஹெட்போன் ஒன்று சொல்லுங்கள். விடுதி அறையில் நேர்காணல்களைக் கேட்டு எழுதவும் வேண்டும், மெட்ரோவில் பாட்டுக் கேட்கவும் வேண்டும்." ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி இரண்டு வரியில் முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. இந்தச் சிறு பொருளால் நான் பட்ட பாடு கொஞ்சம் அதிகம். ஆய்வேட்டில் ஓர் இயலையே திருத்தி எழுத நேர்ந்தது. ஆகவே எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள்க.

நான் தில்லிக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகின்றன. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் இந்நகருக்கு வந்து கட்டட வேலை செய்பவர்களின் வாய்மொழி வரலாறு என் ஆய்வுப்பொருள். ஏறத்தாழ அறுபது மணி நேர ஒலிப்பதிவு கையில் இருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதாவது முந்நூறு மணி நேரம் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய வேலை இது. அதில் முதல் நூறு மணி நேரத்தை, இணையத் தள்ளுபடியில் வாங்கிய, 'கூடுதல் பாஸ்' என்று பெட்டியின்மேல் பெருமையாக அச்சிட்டிருந்த ஒரு புளூடூத் ஹெட்போனில் கழித்தேன்.

ஒரு நேர்காணலில், மூட்டை சுமந்து ஏறும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன தோழரைப் பற்றி ஒரு முதியவர் பேசுகிறார். சிமெண்டு மூட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் குரலைத் தாழ்த்தி, 'உஸ்கீ பாரீ தீ' என்கிறார். 'அவனுடையது பாரமாக இருந்தது' என்று நான் எழுதிக்கொண்டேன். மூட்டையைக் குறிக்கும் 'போரீ' இந்தியில் பெண்பால் என்பதால் இலக்கணமும் என்னைத் தடுக்கவில்லை. அந்த ஒரு வரியை நம்பி, சுமையின் எடையையும் கூலிக்கும் எடைக்கும் உள்ள தொடர்பையும் பற்றி ஐந்து பக்கங்கள் எழுதினேன்.

பல மாதங்கள் கழித்து, ஒலியியல் படிக்கும் தோழி ஒருவரின் பழைய கம்பி ஹெட்போனில் அதே பகுதியைத் தற்செயலாகக் கேட்டேன். அவர் சொன்ன சொல் வேறு. 'அன்றைக்கு ஏற வேண்டிய முறை அவனுடையது' என்றுதான் அந்த முதியவர் சொல்லியிருக்கிறார். போஜ்புரியைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பரிடம் கொடுத்து உறுதிசெய்துகொண்டேன். எடை பற்றிய என் வாதம் அங்கேயே சரிந்தது. மறுநாள் முறை தன்னுடையது என்று அவர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தியதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் 'பாரீ'தான். 'பாரமான' என்னும் பொருள் தரும் சொல்லில் முதல் மெய்யோடு மூச்சு சேர்ந்து ஒலிக்கும். 'முறை' என்னும் பொருள் தரும் சொல்லில் சேராது. நம் எழுத்தில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. நம் காதுக்கும் பழக்கமில்லை. எனவே பழி முழுவதையும் கருவியின்மேல் போடமாட்டேன், தமிழ்க் காதுக்கும் அதில் பங்குண்டு. ஆயினும் கருவி செய்ததும் சிறிதன்று. தாழ்ந்த சுருதியில் உள்ள உரத்த ஒலி, அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும் என்பது செவியறிவியலில் பழைய பாடம். வேலைத்தளத்தில் பதிவு செய்த பேச்சு என்பதால் பின்னணியில் கலவை இயந்திரத்தின் உறுமல் இருந்தது. 'கூடுதல் பாஸ்' அந்த உறுமலைத்தான் கூட்டியது. மெய்யெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய உரசலும் மூச்சும் அதில் மூழ்கின. திரைப்பாட்டுக்கு அது இனிப்பாக இருக்கலாம். பேச்சைக் கேட்டு எழுதுபவருக்கு அது கண்ணாடியில் பூசிய எண்ணெய்.

எனவே தம்பிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது: கடைக்குப் போகும்போது பிடித்த பாட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். உங்களுடைய பதிவுகளிலேயே மிக மோசமான ஒன்றை, காற்றும் வாகன ஓசையும் கலந்த ஒரு நிமிடத்தை, கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். எந்த ஹெட்போனில் சொற்கள் பிரிந்து கேட்கின்றனவோ அதுவே உங்களுக்கானது. பெட்டியில் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த எல்லைக்குள் எந்தச் சுருதி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்களால் பயனில்லை. நூறு ரூபாய் இயர்போன் பெட்டியிலும் அவையேதான் அச்சிடப்பட்டிருக்கும்.

விலை கூடினால் ஒலி தெளியும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. ஜெரோன் பிரேபார்ட் 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 283 ஹெட்போன்களை அளந்து பார்த்ததில், அவற்றின் சுருதிச் சமநிலைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அதன் முடிவு. கட்டுமானம், சொகுசு, உழைப்புக்காலம் ஆகியவை விலையோடு உயரலாம். அது வேறு கணக்கு. உதவித்தொகையில் வாழும் நமக்கு இந்த முடிவு ஆறுதல் தருவது.

இனி, 'வீட்டுக்கும் வெளிக்கும் ஒரே ஹெட்போன்' என்ற ஆசை. மேலைநாட்டு விமர்சகர்கள் வீட்டுக்குப் பின்புறம் திறந்த வகையையும் வெளியே செல்லப் பின்புறம் மூடிய வகையையும் பரிந்துரைப்பார்கள். திறந்த வகையில் ஒலி விரிந்து, தலைக்கு வெளியே நிகழ்வதுபோல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அவர்கள் மனத்தில் இருக்கும் 'வீடு' கதவு சாத்திய, அமைதியான, ஒருவருக்கே உரிய அறை. நம்முடையது இருவர் தங்கும் விடுதி அறை. தலைக்குமேல் மின்விசிறி, சன்னலில் டெசர்ட் கூலர். தில்லியின் மே மாதத்தில் அந்தக் கூலர் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் திறந்த வகையைப் பற்றிப் பேசமாட்டார்கள். போதாக்குறைக்கு, திறந்த வகையிலிருந்து ஒலி வெளியே கசியும். நேர்காணலில் ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை அறைத்தோழர் கேட்கக்கூடாது அல்லவா? ஆய்வு அறம் பற்றிய பயிலரங்குகளில் இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே அறைக்கு மூடிய வகை. காதைச் சுற்றி அமர்வது, கம்பியுள்ளது. அதன் குறை வெக்கை. செயற்கைத் தோல் உறை வியர்வையில் ஊறி ஓராண்டில் செதில் செதிலாக உதிரும். உறையைத் தனியே வாங்கி மாற்ற முடியுமா என்று வாங்குமுன் பாருங்கள். முடிந்தால் துணி உறை போட்டுக்கொள்ளுங்கள். ஓம் என்று குறிக்கப்படும் அளவையும் கவனியுங்கள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த 250 ஓம் ஹெட்போனைக் கைப்பேசியில் சொருகினால் பெரும்பாலும் முனகல்தான் கேட்கும். தனியே ஒலிபெருக்கி வாங்க வேண்டிவரும். 32இலிருந்து 64 ஓம் வரை உள்ளவை நமக்குப் போதும்.

மெட்ரோவுக்கு அது உதவாது. பெரிது, பைக்குள் அடங்காது, தலையில் வைத்தால் வேர்க்கும். அங்கே காதுத் துளைக்குள் பொருந்தும் சிலிக்கான் முனை கொண்ட கம்பி இயர்போன் போதும். கேஇசட், மூன்டிராப் போன்ற சீன நிறுவனங்களின் தொடக்கநிலை இயர்போன்கள் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. இதில் உயிர்நாடி முனையின் அளவு. கூட வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். சரியான முனை பொருந்தியதும் வெளியோசை சட்டென்று அடங்கும், பாஸ் தானாக வந்துசேரும். 'பாஸ் இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பல, முனை பொருந்தாதவையாகவே இருக்கும் என்பது என் ஐயம். கைப்பேசியில் துளை இல்லாவிட்டால் சிறு யூஎஸ்பி இணைப்பி ஒன்று வாங்க வேண்டும். 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையைக் கைவிட்டது. அதன்பின் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். அந்தச் செலவு நம் தலையில் விழுந்தது. சாலையைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கம்பியில்லாதது ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். கேட்டு எழுதும் வேலை ஓட்டி, நிறுத்தி, மூன்று நொடி பின்னே போய் மறுபடி ஓட்டுவது. சில புளூடூத் கருவிகள் இடைவெளியில் உறங்கிப்போய், மறுபடி ஓட்டும்போது முதல் அசையை விழுங்கிவிடும். 'முறை'யா 'பார'மா என்பது முதல் அசையில்தான் இருந்தது! இணையவழிக் கருத்தரங்கில் அதன் ஒலிவாங்கியையும் பயன்படுத்தினால், பெரும்பாலானவற்றில் கேட்கும் ஒலியின் தரமும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அதனுள் இருக்கும் மின்கலமும் சில ஆண்டுகளில் தளரும். அத்தோடு பொருளும் குப்பை. கம்பி ஹெட்போனில் முதலில் பழுதாவது சொருகி. அதைப் பழைய தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் சந்தையில் சில நிமிடங்களில் பற்றவைத்துத் தந்துவிட்டார்கள். சோனியின் எம்டிஆர்-7506, 1991இல் வந்தது. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ, 1984இல் வந்தது. இரண்டும் இன்றும் விற்பனையில் உள்ளன. வேறு எந்த மின்னணுப் பொருளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

எனவே ஐயாயிரத்தைப் பிரியுங்கள். மூவாயிரத்து ஐந்நூறு அறைக்கு, ஆயிரத்து ஐந்நூறு வெளிக்கு. சலுகை நாள்வரை காத்திருங்கள், அல்லது நம்பகமானவரிடம் பழையது வாங்கி உறையை மட்டும் மாற்றுங்கள். சந்தையில் போலிகள் மிகுதி. பாதி விலையில் புகழ்பெற்ற பெயர் கிடைத்தால் அது அந்தப் பெயர் மட்டுமே.

ஒன்றை விட்டுவிட்டேன். இரைச்சலைத் தடுக்காத ஹெட்போன் நம்மை ஒலியைக் கூட்டச் செய்யும். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்துள்ள அளவுகோலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்பது எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. வாரம் முப்பது மணி நேரம் கேட்டு எழுதும் ஆய்வாளர் அந்த எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கிறார். கூலர் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போன ஒரு கோடையின் இறுதியில், விளக்கை அணைத்துப் படுத்தால் வலக்காதில் மெல்லிய விசில் ஒன்று கேட்கத் தொடங்கியது. இரண்டு வாரத்தில் அது நின்றது. அந்த இரண்டு வாரமும் நான் சரியாக உறங்கவில்லை. அதன்பின் ஐம்பது நிமிடம் கேட்டால் பத்து நிமிடம் கழற்றி வைக்கிறேன்; ஒலியைப் பாதிக்குமேல் ஏற்றுவதில்லை.

இவ்வளவு கணக்கும் பணத்தால் வருவதே. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அத்தகுதி இல்லாத முனைவர் பட்ட மாணவர்க்கு 8,000. அந்த எட்டாயிரத்தில் உணவகக் கட்டணம் போக ஒரு ஹெட்போன் என்பது பல மாதத் திட்டம். உதவித்தொகை பெறும் எங்களுக்கு மானுடவியல், சமூக அறிவியல் துறைகளில் முதல் இரண்டாண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய் சில்லறைச் செலவு நிதி உண்டு. அதிலிருந்து பெறலாம் என்று அப்போது பற்றுச்சீட்டைக் கொடுத்தேன். 'பொழுதுபோக்குச் சாதனங்களுக்கு அனுமதி இல்லை' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அச்சுப்பொறி மையும் பென் டிரைவும் அதே நிதியில் கேள்வியின்றிக் கடந்து போயின. வேதியியல் மாணவர் துலாக்கோல் கேட்டால் அது மளிகைக் கடைப் பொருள் என்று யாரும் சொல்வதில்லை. பேச்சைச் சான்றாகக் கொள்ளும் துறைகளில், அந்தச் சான்றைப் படிக்கும் கண்ணாடி இது. நிதிவிதிகளில் அதற்கொரு வரி சேர்க்கக் கோருவது நம் மாணவர் மன்றங்களின் வேலை என்றே கருதுகிறேன். தேர்தல் அறிக்கையில் இதைவிடச் சிறிய கோரிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு தோழியின் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கினேன். பற்றுச்சீட்டை மறுபடி சமர்ப்பித்திருக்கிறேன். 'பொருளின் விவரம்' என்ற கட்டத்தில் இம்முறை 'ஒலிச்சான்று ஆய்வுக் கருவி, ஒன்று' என்று எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் கீழே பின்னூட்டத்தில் தெரிவிக்கிறேன்.