சிவப்பு மை

கோவை வடவள்ளியில் ஓர் இல்லம். கிருத்திகை தவறாமல் மருதமலைக்குச் சென்று வரும் குடும்பம். மகள் வீட்டில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் கணக்கு நோட்டைத் தற்செயலாகப் புரட்டினார். கடைசிப் பக்கங்களில் கவிதைகள். பல்லாண்டுப் பழக்கம் எளிதில் விடுமா? சிவப்பு மையால் சந்திப்பிழைகளைத் திருத்தினார். நன்றாக இருந்த ஒன்றை அன்று மாலை வந்த உறவினர்களுக்குப் படித்தும் காட்டினார். பெருமையினால்தான் செய்தார்.

"என்னக் கேக்காம எதுக்குங்க அப்பிச்சி எடுத்தீங்க?" என்று மட்டும் பேத்தி கேட்டாள். அதன்பின் அவள் மேசையில் பாடநூல்களைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லை.

பதின்மூன்று, பதினான்கு வயதில் மனத்தில் எழும் பலவற்றுக்குப் பிள்ளைகளுக்குப் பெயர் தெரிவதில்லை. தோழியின் பிரிவு, தன் முகத்தின்மீதே தோன்றும் வெறுப்பு, இறைவன் தன்னைக் காண்கிறானா என்ற ஐயம் ஆகியவற்றை வீட்டில் கூறினால் உடனே அறிவுரை வருகிறது. தாள் அறிவுரை கூறுவதில்லை. சந்நிதியில் கண்கலங்கி நிற்கும் ஒருவரிடம் அருகிலிருப்பவர் காரணம் விசாரித்தால் அவருக்கு எவ்வளவு கூசும்! பிள்ளையின் நோட்டும் அத்தகைய இடமே.

1823ஆம் ஆண்டு மருதூரில் அவதரித்த வள்ளலார், இளமையிலேயே தந்தையை இழந்து, சென்னை ஏழுகிணற்றில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். தமையனார் புராணச் சொற்பொழிவாளர். தம்பியோ பாடத்தில் மனம் செல்லாமல் கந்தகோட்டத்து முருகன்முன் பாடிக்கொண்டிருந்தார். அவரைத் திருத்துமாறு தம் ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் தமையனார் ஒப்படைத்தார். மாணவரைத் தேடிக் கந்தகோட்டம் சென்ற முதலியார், அப்பாடலைக் கேட்டு உருகி, கற்பிப்பதையே நிறுத்திக்கொண்டார் என்பது வரலாறு. தமையனாரின் கோபம் தணியவில்லை. தம்பிக்குச் சோறிடலாகாது என்றார். அண்ணியார் பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் உணவிட்டார். பின்னர் அண்ணியாரின் கண்ணீருக்கு இரங்கி வீட்டிலேயே தங்கிய பிள்ளைக்குத் தனியறை ஒன்று கிடைத்தது.

இதில் கவனிக்கத்தக்கது, தடுத்தவர் கல்லாதவர் அல்லர் என்பதே. நிறையக் கற்றவருக்கே பிறர் பிழை முதலில் கண்ணில் படுகிறது. பின்னாளில் தமக்கு உடல்நலம் குன்றியபோது தம்மிடத்தில் தம்பி நிகழ்த்திய சொற்பொழிவின் சிறப்பை அறிந்த பிறகே தமையனார் தெளிந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் வள்ளலார் ஆவதில்லை; ஆகவேண்டியதும் இல்லை. பெரும்பாலோர் இருபது வயதுக்குள் எழுதுவதை நிறுத்திவிடுவர். அதனால் அண்ணியார் இட்டது போன்ற சோறு வீணாகிவிடாது. கொங்கு மண்ணில் மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்த பெரியசாமித் தூரன், மாணவப் பருவத்தில் நண்பர்களுடன் நடத்திய இதழின் பெயர் 'பித்தன்'. கேட்டவுடன் முகம் சுளிக்கத் தோன்றும். சுந்தரர் சிவபெருமானை அழைத்த பெயரல்லவா அது! அத்தூரன் இயற்றிய முருகன் கீர்த்தனைகளை இன்று கச்சேரிகளில் பெரியோர் தாளமிட்டுக் கேட்கின்றனர்.

பிள்ளை தானாக வந்து காட்டினால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். "இன்னொருக்கா படி கண்ணு" என்பதே போதிய பாராட்டு. காட்டாவிட்டால் தேடிப் படிக்கலாகாது. ஆனால், வாழ விருப்பமில்லை என்ற சொல் எழுத்திலோ பேச்சிலோ கண்ணில் பட்டுவிட்டால் அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் கூடாது. அருகமர்ந்து நேராகக் கேட்கவேண்டும். முருகனுக்கு நேர்ந்துகொள்வதுடன் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லவேண்டும்.

அடுத்த கிருத்திகையன்று மருதமலைப் படிகளில் தாத்தா பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டார். புதிய நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவள் இன்றுவரை எதையும் காட்டவில்லை. சென்ற வாரம் இரவு உணவின்போது, "அப்பிச்சி, தவிப்புங்கறதுக்கு வேற சொல்லு ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டாள். ஆற்றாமை, ஏக்கம், பரிதவிப்பு என்று மூன்று சொற்களைக் கூறினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.